பன்னிரண்டு படிப் பாசிப்பயறு

போன மாதம் எங்கள் சபைக்குப் புதிதாக வந்திருக்கும் குருவானவர் என் வீட்டுக்கு வந்தார். எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். இவர் வயதில் சின்னவர், அதனால் எனக்குச் சின்ன ஐயர். கையில் ஒரு அட்டை வைத்திருந்தார். அதில் கட்டம் கட்டமாகக் கறுப்புப் புள்ளிகள். கோயில் தூணில் ஒட்டப்போகிறாராம். போனைக் காட்டினால் காணிக்கை போய்ச் சேர்ந்துவிடுமாம்.

"அண்ணாச்சி, முப்பத்தோரு வருசம் உபதேசியாரா இருந்திருக்கீங்க. நீங்க கேட்டு இல்லன்னு சொன்ன வீடே கெடையாதுன்னு சொல்லுதாங்க. அடுத்த வருச பட்ஜெட்ட நாம பெரிசா போடணும். அதுக்கு முன்னால ஒரு விசேஷ காணிக்கைப் பண்டிகை வைக்குதோம். கமிட்டியில வந்து, ஜனங்கள எப்பிடித் தாராளமா கொடுக்க வைக்கணும்னு அரைமணி நேரம் பேசுங்க."

"பண்டிகை எந்த மாசம் ஐயா?"

"ஆவணிக் கடைசி ஞாயிறு."

அவர் காபி குடித்து முடிக்கும்வரை என் கை முழங்காலை விட்டு எழவில்லை. பேசுகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் போனபிறகு இதை எழுத உட்கார்ந்தேன். எழுதுவதில் ஒரு வசதி, எதிரே ஆள் இருக்காது.

நான் சுபாவத்திலேயே பயந்தாங்கொள்ளி. கோவில்பட்டிக்குக் கிழக்கே, ஓட்டப்பிடாரம் போகிற பாதையில் உள்ள கரிசல் ஊர் எங்களுடையது. உபதேசியார் என்றால் ஐயருக்கு அடுத்த ஆள். ஐயர் பல ஊர்களைப் பார்ப்பார், உபதேசியார் ஊரிலேயே கிடப்பார். வீடு வீடாகப் போய் ஜெபம் பண்ண வேண்டும், சீக்காளிகளைப் பார்க்க வேண்டும், வருஷச் சந்தாவான சங்கக் காணிக்கையை வாங்க வேண்டும். இரண்டு வருஷம் பயிற்சியில் வேதம் படித்தேன், பாட்டுப் படித்தேன், அடக்க ஆராதனை நடத்தக்கூடப் படித்தேன். ஒரு மனுஷனிடம் போய்த் துட்டுக் கேட்பது எப்படி என்று மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை.

முதல் மூன்று மாதம் ஒரு வீட்டில்கூட நான் வாயைத் திறக்கவில்லை. வாசலில் நின்று மூன்று தடவை எச்சில் விழுங்குவேன். "என்ன உபதேசியாரே?" என்று கேட்டால் "சும்மா ஜெபம் பண்ணிட்டுப் போவலாம்னு வந்தேன்" என்பேன். ஜெபம் பண்ணிவிட்டு ரசீதுப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு திரும்பிவிடுவேன். அந்த மூன்று மாதத்தில் எங்கள் ஊருக்குக் கிடைத்த ஜெபம் சுற்றுவட்டாரத்தில் எந்த ஊருக்கும் கிடைத்திருக்காது. சங்கக் காணிக்கைதான் ஒரு சல்லி சேரவில்லை.

அப்படிப் பல வருஷம் தட்டுத்தடுமாறிக் கொஞ்சம் தேறி வந்த காலத்தில்தான் மாசிலாமணி ஐயர் வந்து சேர்ந்தார். எனக்குக் காணிக்கை கேட்கச் சொல்லித்தந்தவர் அவர்தான். குரலை உயர்த்தமாட்டார். காதில் ஒரு பென்சில் எப்போதும் செருகியிருக்கும். நாம் பேசி முடித்தபிறகும் நம்மையே பார்த்துக்கொண்டு இருப்பார், இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்பதுபோல. அந்தப் பார்வைக்கு நான் நடுங்குவேன். திட்டுகிற ஆளிடம் பதில் சொல்லிவிடலாம், சும்மா இருக்கிற ஆளிடம் என்ன செய்வது?

ஒரு வாரம் என்னைக் கூடவே கூட்டிக்கொண்டு வீடு வீடாக நடந்தார். அவர் கேட்கும் முறை இன்றும் எனக்கு மனப்பாடம். உட்காரச் சொல்லும்வரை உட்காரக்கூடாது. முதலில் மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் கேட்க வேண்டும். அடுக்களைப் பக்கம் கண் போகவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி: அந்த வீட்டில் தண்ணீர் கொடுத்துக் குடித்தபிறகுதான் கேட்க வேண்டும்.

"தண்ணி குடுக்க மறந்த வீட்டுல ஏதோ மனக்கவல இருக்கும் வே" என்பார். "அன்னைக்குக் கேக்காதீரும். ஜெபத்தப் பண்ணிட்டு வந்துரும். பிச்சக்காரன்மாரிக் கேக்கப்படாது, கடன்காரன்மாரியும் கேக்கப்படாது."

பட்ஜெட் போடுவதிலும் அவர் வழி தனி. எல்லா இடத்திலும் வரவை எழுதிவிட்டு அதற்குள் செலவை மடக்குவார்கள். இவர் கோயில் பக்கத்து அறைச் சுவரில் பெரிய காக்கித்தாளை ஒட்டிவிட்டு, காதிலிருந்து பென்சிலை எடுத்து, "அடுத்த வருசம் நம்ம சபை யாருக்காவ இருக்கணும்? அதச் சொல்லுங்க. துட்டு பெறவு" என்று நிற்பார்.

அந்த வருஷம், இன்றைக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து சொன்னாள். ஊர்ப் பெண்களில் பாதிப்பேர் தீப்பெட்டி ஆபீசுக்கு, அதாவது தீப்பெட்டி செய்கிற கம்பெனிக்குப் போகிறவர்கள். பால்வாடியை மூன்று மணிக்கு அடைத்துவிடுகிறார்கள், தாய்மார் ஆறு மணிக்குத்தான் வருகிறார்கள். நடுவில் மூன்று மணி நேரம் பிள்ளைகள் தெருவிலும் கிணற்றடியிலும் கிடக்கின்றன. ஐயர் அதைத் தாளில் எழுதினார். சாயங்காலப் பிள்ளைகள் காப்பகம், பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள், பிள்ளைக்கு ஒரு தம்ளர் பால், கம்பி வேலி. கூட்டிப் பார்த்தால் போன வருஷத்துச் செலவைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வந்தது. எனக்குத் தலை சுற்றியது. இந்த எண்ணை வீடு வீடாகத் தூக்கிச் சுமக்கப்போவது நான்தானே.

"பெரிசா எழுதுனாத்தான் வே ஜெபம் பெரிசா இருக்கும்" என்று ஐயர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

முதலில் எழுந்து நின்றது சாலமோன் அண்ணாச்சி. நாலு ஏக்கர் கரிசல் சொந்தம், இன்னும் கொஞ்சம் குத்தகை. ஆறடி உயரம், முறுக்கின மீசை. பண்டிகை நாளில் நான் காணிக்கைப் பட்டியல் வாசிக்கும்போது முதல் பெயர் அவருடையதாகத்தான் இருக்கும். அப்படி இல்லாத வருஷம் ஒன்றுகூடக் கிடையாது.

"எம் பங்கு ரெட்டிப்பு. எழுதிக்கோங்க" என்றார். அவர் நின்றதும் ஊரே நின்றது. அந்த நாள் எங்கள் சபையின் நல்ல நாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜனங்கள் மனதாரக் கொடுத்தார்கள். காப்பகம் திறந்தது. தீப்பெட்டி ஆபீஸ் வண்டியிலிருந்து இறங்குகிற பெண்கள் நேராக அங்கே வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்ப்பேன். இதற்காகக் கேட்டது தப்பில்லை என்று தோன்றும்.

தை மாதம் பயறு காய்கிற நேரத்தில் பேய் மழை பெய்தது. பாசியும் உளுந்தும் செடியிலேயே முளைத்துவிட்டன. வழக்கமாக மாசியில் அறுவடை முடிந்து நடக்கும் ஸ்தோத்திரப் பண்டிகை அந்த வருஷம் களையே இல்லாமல் போயிற்று. எப்படியோ இழுத்து இழுத்து ஆடி மாதம் வந்தபோது காப்பகத்துப் பெண்களுக்கு இரண்டு மாதச் சம்பளம் நின்றுபோயிருந்தது. ஐயர் கமிட்டியைக் கூட்டினார்.

"மூடுததுக்கு எனக்கு மனசு இல்ல. ஆவணியில இன்னொரு ஸ்தோத்திரப் பண்டிக வைப்போம். மாசியில கொண்டாராதவிய இப்பம் கொண்டுவரட்டும். வீட்டுல இருக்க தானியத்துல முதற்பலன்."

நான் கரிசல்காட்டுச் சம்சாரி மகன், விவசாயி வீட்டுப் பிள்ளை. புரட்டாசியில் மழைக்கு முன்னால் விதைப்பு. ஆவணி மாதம் சம்சாரி வீட்டில் தானியம் என்று ஏதாவது இருந்தால் அது விதைதான். தின்கிற தானியம் எல்லாம் ஆனி ஆடியோடு காலி. இது எங்கள் ஊரில் கோழி மேய்க்கிற பிள்ளைக்கும் தெரியும். ஒரே ஒரு வாக்கியம்தான் நான் சொல்ல வேண்டியிருந்தது. எழுந்தேன். ஐயர் பென்சிலோடு என்னைப் பார்த்தார், அதே பார்வை. இவனுக்கு விசுவாசம் போதாது என்று நினைத்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. "பந்தலுக்குச் சொல்லிரட்டா ஐயா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாய் திறக்காமல் கெட்டவன்.

அதற்கப்புறம் எனக்கு வந்த சுறுசுறுப்பைச் சொன்னால் வெட்கம். பயந்தவனுக்குத்தான் வேகம் அதிகம். எங்கே பண்டிகை படுத்துவிடுமோ என்று வீடு வீடாக ஓடினேன். பண்டிகைக்கு நாலு நாளைக்கு முன்னால் சாலமோன் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி தங்கத்தாய் மதினி முற்றத்தில் குத்தவைத்து, சேலை முந்தியால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, சாக்கு விரிப்பில் பயறைக் கையால் துழாவிக்கொண்டிருந்தார். கையெல்லாம் வெள்ளையாக இருந்தது. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். எழுந்திருக்கவில்லை, தண்ணீரும் வரவில்லை. இருபது வருஷத்தில் அந்த வீட்டில் எனக்குத் தண்ணீர் வராதது அன்றைக்குத்தான்.

ஐயர் சொன்ன விதி ஞாபகம் இருந்தது. இருந்தும் கேட்டேன்.

"அண்ணாச்சி, நீங்க முன்னால நின்னாத்தான ஊரு நிக்கும்."

அவர் மீசையைத் தடவினார். முற்றத்தைப் பார்க்கவில்லை. "எம் பேரு இல்லாம என்னைக்கு உபதேசியாரே பட்டியல் வாசிச்சீங்க?" என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

எங்கள் பண்டிகையைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜனங்கள் கொண்டுவருகிற தானியம், கோழி, முட்டை, பூசணி எல்லாவற்றையும் ஆராதனையில் படைத்துவிட்டு, வெளியே பந்தலில் ஏலம் போடுவோம். காணிக்கைப் பொருள் என்பதால் யாரும் சந்தை விலை பார்ப்பதில்லை. ஒரு எலுமிச்சம்பழம் ஒரு கோழி விலைக்குப் போகும். ஏலம் முடிந்ததும் அசனம், எல்லோருக்கும் ஒரே பந்தியில் சாப்பாடு. ஏலம் கூறுவது உபதேசியார் வேலை. வாழ்க்கையில் நான் பயப்படாமல் பேசிய இடம் அது ஒன்றுதான். கூட்டத்தைச் சிரிக்கவைத்து விலையை ஏற்றிவிடுவதில் நான் கெட்டிக்காரன் என்று பேர்.

சாலமோன் அண்ணாச்சி தலையில் சுமந்து வந்தது பன்னிரண்டு படிப் பாசிப்பயறு. நல்ல மணி, பொறுக்கி எடுத்த மாதிரி ஒரே அளவு. வழக்கமாகச் சாக்கோடு தானிய வியாபாரி எடுத்துவிடுவார். அன்று எனக்கு ஒரு யோசனை வந்தது. சாக்காகக் கொடுத்தால் ஒரு விலை, படி படியாகக் கொடுத்தால் பன்னிரண்டு விலை. நானே படியை முக்கி முக்கி அளந்தேன். மூக்கு அரித்துத் தும்மல் வந்தது. சாக்குத் தூசி என்று நினைத்துத் துடைத்துக்கொண்டேன்.

"சாலமோன் அண்ணாச்சி காட்டு மணி, சுண்டல் வச்சா தெருவே மணக்கும்" என்று கூவினேன். ஒவ்வொரு படியும் சக்கைப்போடு போட்டது. கடைசிப் படிக்குப் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் மெதுவாக விலை கேட்டது. இன்னொரு பக்கம் ஒருவர் கூட்டினார். குரல் நின்றது. நான் விடவில்லை. "என்ன, பொம்பளையாளுக பக்கம் கை சுருங்கிட்டு? ஆண்டவருக்குக் குடுக்க யோசனையா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். குரல் மறுபடி கேட்டது. மறுபடி ஏற்றினேன். ஐந்தாறு தடவை ஏறிய பிறகு ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம். கூட்டத்துக்குள்ளிருந்து கை மாறிக் கை மாறித் துட்டு வந்தது, அப்படியே பயறும் போயிற்று. யார் என்று நான் பார்க்கவில்லை. பதினோரு பேர் பெயரைச் சீட்டில் எழுதினேன். பன்னிரண்டாவதுக்கு ஒரு கோடு போட்டேன்.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமல் தங்கத்தாய் மதினி என் வாசலில் நின்றார். தீப்பெட்டி ஆபீஸ் போகிற சேலை, கையில் தூக்குச்சட்டி. கண் வீங்கியிருந்தது.

"உபதேசியாரே, அந்தப் பயறுல மருந்து கெடக்கு."

"எந்தப் பயறு மதினி?"

"மழையில தப்புனதப் பொறுக்கி வெதைக்கு வச்சது. போன வருசம் வண்டு அரிச்சிட்டுன்னு இந்த வருசம் கடையில பூச்சிப்பொடி வாங்கிப் பெரட்டி வச்சேன். அன்னைக்கு நீங்க வரும்போதுகூட அதத்தான செஞ்சிட்டிருந்தேன். இவிய பொடியச் சலிச்சுத் தட்டிட்டு அதையே தூக்கிட்டு வந்துட்டாவ. வீட்டுல வேற மணி இல்ல. யாவாரி சாக்கோட எடுப்பாரு, வெதைக்கின்னு அவருகிட்ட மெதுவா சொல்லிக்கிடலாம்னு இருந்தேன். நீங்க படிபடியா அளந்திட்டீங்க. அம்புட்டுக் கூட்டத்துல எப்பிடி நான் வாயத் தொறக்க?"

ஆபீஸ் வண்டி ஹாரன் அடித்தது. அவர் ஓடிவிட்டார். நான் அங்கேயே நின்றேன். வெள்ளைக் கை, மூக்கைக் கட்டிய முந்தி, வராத தண்ணீர் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. கண்ணால் பார்த்ததைத்தான் நான் கூவி விற்றிருந்தேன். ஞாயிறு எல்லோரும் அசனத்தில் சாப்பிட்டு மிச்சத்தை ராத்திரிக்கு வாங்கிப் போனார்கள். அப்படியானால் இன்றைக்குத்தான் அடுப்பில் ஏற்றுவார்கள்.

அப்போதே கோயில் மணியை அடித்திருக்க வேண்டும். மைக்கில் சொல்லியிருக்க வேண்டும். செய்யவில்லை. சாலமோன் அண்ணாச்சி பேர் கெட்டுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் பேருக்குத்தான் பயந்தேன். சீட்டை எடுத்துக்கொண்டு மொபெட்டில் வீடு வீடாகப் போனேன். "அளவுல ஒரு தப்பு, திருப்பித் தாங்க, வேற தாரேன்" என்று பொய் சொன்னேன். நாலு வீட்டில் பொட்டலம் அப்படியே இருந்தது, வாங்கிக்கொண்டேன். ஒரு வீட்டில் "என்ன உபதேசியாரே, வேர்த்து ஊத்துது?" என்று கேட்டார்கள். வெயில் என்றேன். மணி அப்போது ஏழுகூட ஆகவில்லை.

ஐந்தாவது வீடு, பள்ளிக்கூட டீச்சருடையது. பின்வாசலில் இரண்டு கோழிகள் விழுந்து கிடந்தன. ஒன்றுக்கு மட்டும் கால் இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் பயறு கழுவிய தண்ணீர் ஓடி, நாலைந்து பயறு சிதறிக் கிடந்தது. அடுக்களையில் குக்கர் ஒரு விசில் அடித்தது.

ஐயர் விதியில் அடுக்களைப் பக்கம் கண் போகக்கூடாது. நான் செருப்புக் காலோடு உள்ளே பாய்ந்து அடுப்பை அணைத்தேன். டீச்சர் கத்தினார். அவர் மகள் கையில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். சுண்டலுக்காகக் காத்திருந்த பிள்ளை. எட்டு வயது இருக்கும். அந்தத் திறந்த டப்பாவைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "மருந்து, மருந்து" என்று மட்டும் சொன்னேன்.

அங்கிருந்து நேராகக் கோயிலுக்கு வந்து மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தேன். சாவுக்கு அடிக்கிற மாதிரி இல்லை, பண்டிகைக்கு அடிக்கிற மாதிரியும் இல்லை. கை போன போக்கில் அடித்தேன். பிறகு மைக்கைப் போட்டேன்.

"நேத்து ஏலத்துல எடுத்த பாசிப்பயற யாரும் அடுப்புல வைக்காதீங்க. அதுல பூச்சிமருந்து இருக்கு. பெரட்டுததக் கண்ணால பாத்துட்டும் நாந்தான் அளந்து குடுத்தேன். தப்பு எம்பேர்ல. எல்லாத்தையும் கோயிலுக்குக் கொண்டாந்துருங்க. யாரும் வாயில போட்டிருந்தா உடனே ஆசுபத்திரிக்குப் போங்க."

இதை ஏழெட்டுத் தடவை சொன்னேன். ஜனங்கள் பொட்டலத்தோடு ஓடி வந்தார்கள். யாரும் தின்றிருக்கவில்லை. பத்துமணிக்குள் பத்துப் படி என் முன்னால் இருந்தது. டீச்சர் வீட்டுக் குக்கரில் இருந்ததையும் பொட்டலத்து மிச்சத்தையும் குழி தோண்டிக் கொட்டியாயிற்று. அதோடு பதினொன்று. சீட்டில் கோடு போட்ட பன்னிரண்டாவது மட்டும் வரவில்லை. வெளியூர்ச் சொந்தக்காரர்கள் பண்டிகைக்கு வந்திருந்தார்கள். கோவில்பட்டிக்குப் போயிருக்கலாம், புதியம்புத்தூருக்குப் போயிருக்கலாம். எந்த வீட்டு அடுப்பில், எந்தப் பிள்ளையின் டப்பாவில் இருக்கிறதோ? பண்டிகைக்கு வந்தவர்களின் நம்பரையெல்லாம் தேடிப் பிடித்து மத்தியானம் வரை போன் பண்ணினேன். ஏலத்தில் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிருந்தார்கள், ஒரு துப்பும் இல்லை.

ஐயர் மணிச் சத்தம் கேட்டு வந்தவர், என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"ஆவணியில வீட்டுல வெததான் இருக்கும்னு உமக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும் ஐயா."

"கமிட்டியில எந்திரிச்சீரே, அதச் சொல்லத்தானா?"

"ஆமா ஐயா."

பென்சிலைக் காதிலிருந்து எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். "நான் கடக்கரையில பொறந்தவன் வே. எனக்கு மீன்பாடு தெரியும். வெதைப்பு தெரியாது. நீரு சொல்லுவீருன்னுதான ஒவ்வொரு தடவையும் உம்ம மூஞ்சியப் பாத்துட்டிருந்தேன்" என்றார்.

இத்தனை வருஷமாக நான் நடுங்கிய பார்வைக்கு அதுதான் அர்த்தமாம். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

சாயங்காலம் ஐயரும் நானும் சாலமோன் அண்ணாச்சி வீட்டுக்குப் போனோம். மனுஷர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மீசை இறங்கிக் கிடந்தது. ஐயர் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். தங்கத்தாய் மதினி அப்போதுதான் ஆபீஸ் வண்டியிலிருந்து இறங்கி வந்திருந்தார். கையைக் கழுவிவிட்டு முதல் வேலையாக இரண்டு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். என்னால் குடிக்க முடியவில்லை.

"மதினி, பதினோரு படிக்குக் கணக்கு வந்துட்டு. ஒரு படி ஊரெல்லாம் தேடியும் ஆப்புடல. யாருன்னே தெரியல. எனக்குப் பயமாருக்கு."

மதினி உள்ளே போனார். மேல்தட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். நான் கட்டிக்கொடுத்த அதே பேப்பர், அதே சணல்.

"காலையில ஒரு படி காணலன்னு எனக்கு எங்க தெரியும்? நான் வண்டிக்கு ஓடிட்டேன்" என்றார். "வெதைக்கு ஒரு படியாச்சும் வேணும்லா. ஆபீசுல வாங்கின வாரச் சம்பளம் முந்தியில இருந்துச்சு. அத வச்சுக் கேட்டேன்."

அந்த மெதுவான குரல் அவருடையது. சொந்த விதையைத் திரும்ப வாங்க நின்ற பெண்ணிடம்தான், ஆண்டவருக்குக் கொடுக்க யோசனையா என்று கேட்டு ஊரைச் சிரிக்கவைத்திருக்கிறேன். ஐந்தாறு தடவை ஏற்றியிருக்கிறேன். ஒரு வாரச் சம்பளம் முழுக்கத் தீரும்வரை ஏற்றியிருக்கிறேன். சுவரைப் பார்த்திருந்த சாலமோன் அண்ணாச்சி அப்போதுதான் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

"ஒரு வார்த்த சொல்லப்படாதா மதினி? எங்க வெதைன்னு ஒரு சைகை காட்டியிருந்தா நான் நிறுத்தியிருப்பேனே."

மதினி என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னார்.

"ஏலத்துல வாயத் தொறந்தா வெல கூடிருதே, உபதேசியாரே."

மறுநாள் ஐயர் பத்துப் படியையும் தன் ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுபோய் அந்த வீட்டில் இறக்கினார். மதினி கொடுத்த துட்டைத் திருப்பிக்கொடுத்தார். வாங்கமாட்டேன் என்று அவர் எவ்வளவோ மல்லுக்கட்டினார், ஐயர் விடவில்லை. காப்பகத்தை மூடவுமில்லை. ஐயர் காக்கித்தாளில் எண்ணைக் குறைக்காமல், காணிக்கை கேட்கும் மாதத்தை மாற்றினார். சம்பளம் அறுவடை வரைக்கும் பொறுத்தது, மாசியில் ஜனங்கள் அள்ளிக் கொடுத்தார்கள். அன்றுமுதல் நான் பட்டியல் வாசிப்பதை விட்டேன். ஏலத்தில் யாரையும் சீண்டுவதை விட்டேன். பயம் மட்டும் போகவில்லை. இன்றைக்கும் எங்காவது பாசிப்பயறு வேகிற வாசம் வந்தால் டீச்சர் மகளின் திறந்த டப்பா கண்ணுக்கு வரும்.

இவ்வளவையும் எழுதிவைத்துவிட்டு நேற்று கமிட்டிக்குப் போனேன். சின்ன ஐயர் சுவரில் படம் காட்டும் கருவி வைத்திருந்தார். நல்ல திட்டம்தான், கோயிலையொட்டி ஒரு சின்ன மருத்துவ அறை. எண்ணைப் பார்த்தால் பழையபடி எனக்குத் தலை சுற்றியது. பெண்கள் வரிசையில் தங்கத்தாய் மதினி உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. சாலமோன் அண்ணாச்சி போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. காட்டை மகன் பார்க்கிறான்.

"இப்பம் நம்ம அண்ணாச்சி பேசுவாங்க" என்றார் சின்ன ஐயர்.

எழுந்தேன். எச்சில் விழுங்கினேன், மூன்று தடவை. அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எண்ணக் குறைக்காதீங்க ஐயா. பெரிசாவே போடுங்க, நம்ம ஜனம் குடுக்கும்" என்றேன். "ஆனா ஆவணி வேண்டாம். முன்னயெல்லாம் ஆவணியில வீட்டுல வெததான் இருக்கும். இப்பம் வெதைய பாக்கெட்டுல துட்டு குடுத்து வாங்குதோம், அவ்வளவுதான் வித்தியாசம். அன்னைக்கு வெத என் கண்ணு முன்னால வெள்ளையா இருந்துச்சு, அப்பவே நான் பாக்கல. போனுக்குள்ள கெடக்க துட்டுல எது வெதைன்னு நீங்க எப்பிடிப் பாப்பீங்க?"

அரைமணி நேரம் கேட்டவருக்கு அரை நிமிஷம்தான் கொடுத்தேன். உட்காரப் போனபோது மதினி எழுந்து, மேசையிலிருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

இந்தத் தடவை குடித்தேன்.